கை ஏன் சூடாக இருக்கிறது?

ஜூன் 8, ஞாயிறு

பத்திரிகை ஆபீஸிலிருந்து பெனடிக்ட் இந்த வாரத்துக் கேள்விகளை அனுப்பிவிட்டார். ஞாயிறு இணைப்பில் 'சக்தி அத்தை சொல்லுங்க' என்று பத்திக்குப் பெயர் வைத்த நாளிலிருந்து, ஊரில் உள்ள வாண்டுகளெல்லாம் எனக்கு மருமக்கள் ஆகிவிட்டார்கள். குசு ஏன் நாறுகிறது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். மூன்றும் பையன்கள், சொல்லவே வேண்டாம். காதுக்குள் குரும்பி எதற்கு? தண்ணீரிலேயே கிடந்தால் விரல் ஏன் சுருங்குகிறது? பக்கத்தில் இருப்பவர் கொட்டாவி விட்டால் நமக்கும் ஏன் வருகிறது? கடைசிக் கேள்வி ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியுடையது. நாம் தூங்கும்போது இதயத்தைத் துடிக்கச் சொல்வது யார்? இத்தனை வருஷமாக ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் எடுக்கிறேன், ஒரு கழுதையும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

பத்திக்கு ஒரு சட்டம் உண்டு. பதில் சின்னதாக இருக்க வேண்டும், அடித்துச் சொல்ல வேண்டும். 'இருக்கலாம்', 'சொல்ல முடியாது' என்று இழுத்தால் பிள்ளைகள் குழம்பிப் போகும் என்பார் பெனடிக்ட். கொட்டாவி எப்படித் தொற்றுகிறது என்று டாக்டர்களுக்கே இன்னும் முழுசாகத் தெரியாது. அதனால் கொட்டாவியைத் தள்ளிவிட்டு விரலை எடுத்துக்கொண்டேன். தண்ணீர் ஊறித்தான் விரல் சுருங்குகிறது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. நரம்பு சொல்லித்தான் சுருங்குகிறது. நரம்பு அறுந்த விரல் எவ்வளவு நேரம் தண்ணீரில் கிடந்தாலும் சுருங்காது.

மத்தியானம் தம்பி துரை போன் செய்தான்.

"எக்கா, ரெண்டு நாளா மண்டை பொளக்கு. பின்பக்கம் பொடதில எவனோ சுத்தியல வச்சு அடிக்க மாதிரி இருக்கு. தலை ஏம்க்கா வலிக்கு?"

"மூளை இருக்கவனுக்குத்தாம்ல தலை வலிக்கும். உனக்கு என்ன கேடு?"

"அப்ப நீ ஒரு நாளும் தலைவலின்னு படுத்ததே இல்லயேக்கா, அது எப்படி?" என்று திருப்பி அடித்துவிட்டுச் சிரித்தான். வாய்க்கொழுப்பு. மோட்டார் கடையில் நாள் முழுக்கச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டிக்கொண்டு, அந்த வார்னிஷ் வாடையிலேயே கிடந்தால் தலை வலிக்காமல் என்ன செய்யும்? ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு படு என்றேன்.

சாயங்காலம் அவன் பெண்டாட்டி பூங்கனி நெத்திலிக் குழம்பு கொடுத்துவிட்டிருந்தாள். வழக்கமாகத் துரை கொண்டுவருவான். இன்றைக்கு அவன் மகள் வினிஷா சைக்கிளில் வந்தாள். அப்பா படுத்திருக்காவ என்றாள். குழம்பில் உப்பு ஒரு கல் கூடுதல்.

ஜூன் 10, செவ்வாய்

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். துரை காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போது அப்படியே சரிந்து விழுந்துவிட்டான். எதிர்க் கடைக்காரர்கள் தூக்கிக்கொண்டு போய்க் கோவில்பட்டியிலேயே காட்டியிருக்கிறார்கள். அங்கிருந்து ஆம்புலன்ஸில் இங்கே அனுப்பிவிட்டார்கள். மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது. வாயில் குழாய் போட்டு, மூச்சை மிஷின்தான் விட்டுக்கொண்டிருக்கிறது.

டாக்டர் நிலோபர் என்று ஒரு அம்மா. என்னைவிட வயசு குறைவு, நிதானமாகப் பேசுகிறார். வீக்கம் அதிகம், இந்த நிலையில் ஆபரேஷன் தாங்காது, மருந்து கொடுத்துப் பார்ப்போம் என்றார். 'பார்ப்போம்' என்ன பார்ப்போம்? டாக்டர் என்றால் ஒன்றைச் சொல்ல வேண்டாமா?

ஸ்கூலுக்கு லீவு சொல்லியாகிவிட்டது. வீட்டில் மோட்டாரை நிறுத்தினேனா என்று ஞாபகம் இல்லை. பக்கத்து வீட்டுக்குப் போன் போட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை எழுதியதைத் திரும்பப் படிக்கவில்லை. படிக்கவும் போவதில்லை.

ஜூன் 11, புதன்

ஐ.சி.யூ.வுக்குள் எங்கள் இரண்டு பேரை மட்டும் விடுகிறார்கள், காலையில் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம். பூங்கனி அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மைனி, கை சூடா இருக்கே. ஏன் மைனி?"

"அடுப்பு எரியுதுன்னு அர்த்தம். ஒடம்புல இருக்க ஒவ்வொரு துளியும் சாப்பாட்டையும் காத்தையும் எரிச்சுச் சூடு உண்டாக்கும். சூடு இருந்தா உள்ள வேலை நடக்குன்னு வச்சுக்கோ."

"அப்ப நல்லதுதான்?"

"பின்ன? நல்லதுதான்."

தலையை ஆட்டிக்கொண்டாள். பத்தாவதோடு நின்றவள்தான், ஆனால் சொன்னால் கற்பூரம் மாதிரி பிடித்துக்கொள்வாள். அவளைப் பெண் பார்த்ததே நான்தான். அப்பாவும் அம்மாவும் போன பிறகு துரைக்கு எல்லாம் நான்தானே. தாலி கட்டும்போது அவன் போட்ட முடிச்சுக்கு மேலே நாத்தனார் முடிச்சுப் போட்டதும் நான். இறுக்கிப் போட்டேன். 'எக்கா, அவ கழுத்தயும் சேத்து இறுக்கிராத' என்று மணவறையிலேயே கேலி பேசினான், பாவி.

மத்தியானம் ஸ்கேனுக்குக் கொண்டுபோனார்கள். நர்ஸ் அவன் மேலே கிடந்த போர்வையை எடுத்தாள். சாதாரணப் போர்வை இல்லை அது. ஒரு குழாய் வழியாக அதற்குள் சூட்டுக் காற்று போய்க்கொண்டே இருக்கிறது. ஸ்கேன் முடிந்து திரும்பி வரும்போது அவன் கை ஜில்லென்று கிடந்தது. ஏசியைக் குறைக்கச் சொன்னேன். ஒருத்தரும் காதில் வாங்கவில்லை.

வெளியே செல்லையா சித்தப்பா ஊரையே கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். "ஏட்டி சக்தி, நீ படிச்ச புள்ள. இந்த டாக்டருமாரு பேசுறது ஒரு எழவும் வெளங்கல. நீ சொல்லு, பய பொழச்சுக்கிடுவானா?"

"பொழைப்பான் சித்தப்பா."

உடனே அத்தனை பேர் முகமும் தெளிந்துவிட்டது. ஒருத்தர் டீ வாங்கப் போனார்.

ஜூன் 12, வியாழன்

பெனடிக்ட் போன். அடுத்த வாரத்துப் பதில்கள் எங்கே என்று கேட்டார். நான் ஆஸ்பத்திரியில் இருப்பது அவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. வேலை இருப்பது நல்லதுதான். உள்ளே விடும் நேரம் போக மீதி நேரமெல்லாம் சும்மா உட்கார்ந்து அடுத்தவர் இருமலை எண்ண வேண்டியிருக்கிறது.

கேள்வி: சூடான தோசைக்கல்லில் கை பட்டால், வலி தெரிவதற்கு முன்பே கையை இழுத்துக்கொள்கிறோமே, எப்படி?

பதில்: கையிலிருந்து சேதி மூளைக்குப் போய், மூளை யோசித்து உத்தரவு போடும் வரைக்கும் காத்திருந்தால் தோல் வெந்துவிடும். அதனால் முதுகுத் தண்டுவடமே பாதி வழியில் சேதியைப் பிடித்து, மூளையைக் கேட்காமலே கையை இழுத்துவிடுகிறது. மூளைக்குக் கடைசியில்தான் தெரியும்.

நல்ல பதில். அனுப்பிவிட்டேன்.

டாக்டர் நிலோபர் துரையின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். காதுக்குள் ஐஸ் தண்ணீர் விட்டுப் பார்த்தார். தொண்டைக் குழாயை அசைத்து இருமுகிறானா என்று பார்த்தார். அவன் அசையவில்லை. மயக்க மருந்து இன்னும் உடம்பில் இருக்கும் என்று நான் சொன்னேன்.

"மயக்க மருந்து நாங்க கொடுக்கவே இல்லைங்க மேடம்" என்றார்.

"அப்ப தூக்கக் கலக்கமா இருக்கும்" என்று சொல்லிவிட்டேன். என் வாயிலா அந்த வார்த்தை வந்தது? டாக்டர் என் தோளில் கையை வைத்தார். எனக்குப் பிடிக்கவில்லை, தட்டிவிட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

காலையில் ஒரு தடவையும் சாயங்காலம் ஒரு தடவையும் ஏதோ டெஸ்ட் செய்தார்கள். சாயங்காலம் எங்கள் இரண்டு பேரையும் உள்ளே நிற்க வைத்துச் செய்தார்கள். எழுத ஒன்றுமில்லை. ஊரிலிருந்து வந்த இட்லி புளித்துப் போயிருந்தது.

ஜூன் 14, சனி

துரை கையை அசைத்தான்!

நான் கண்ணால் பார்த்தேன். நர்ஸ் அவன் கழுத்தைத் திருப்பித் தலையணையைச் சரி செய்தாள். அப்போது இடது கை முழங்கை மடிந்து மெல்ல மேலே வந்து, மறுபடியும் கீழே போயிற்று. நான் போட்ட சத்தத்தில் ஐ.சி.யூ.வே திரும்பிப் பார்த்தது. பூங்கனி என் பக்கத்தில்தான் நின்றாள். அவள் கத்தவில்லை. அந்தக் கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்தாள்.

"மைனி, இது எதனால?"

"எதனாலயா? அவன் அசைக்கான்ட்டி! நாம பேசுறது கேக்கு அவனுக்கு!"

"ஓ" என்றாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "மூளை சொன்னாத்தான் கை அசையுமா மைனி?" என்று கேட்டாள்.

இந்த நேரத்தில் இவளுக்கு என்ன பாடம் வேண்டிக் கிடக்கிறது? கேள்விக்கு ஒரு நேரம் காலம் இல்லையா? எனக்கு எரிச்சலாக வந்தது. பதில் சொல்லாமல் வெளியே வந்து எல்லாரிடமும் சொன்னேன். செல்லையா சித்தப்பா முருகா முருகா என்று கும்பிட்டார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இல்லட்டி, நேத்து ரெண்டு டெஸ்ட்லயும் மூளைச்சாவுன்னு முடிவாயிட்டுன்னு சொன்னாவளாமே. அப்படின்னா செத்ததுக்குச் சமானம்னு கம்பவுண்டர் சொல்லுதான்?" என்றார்.

"கம்பவுண்டர் சொன்னா எல்லாம் ஆச்சா? நான் சொல்லுதேன், அவன் கை அசைஞ்சுது."

"அதான கேட்டேன். நீ சொன்னா சரி."

டெஸ்ட்டில் முடிவானது என்ற அந்தச் சொல்லைச் சித்தப்பா சொன்னதற்காக எழுதினேன். இனிமேல் எழுத மாட்டேன்.

சாயங்காலம் காட்டன் சேலை கட்டிய ஒரு பெண் வந்து மெல்லப் பேச்சுக் கொடுத்தாள். உறுப்பு தானம் பற்றிச் சொல்ல வந்திருக்கிறாள். "எந்திரிச்சுப் போம்மா, நல்லா இருப்ப" என்றேன். அவள் கோபப்படவில்லை, பூங்கனியைப் பார்த்தாள். பூங்கனி, "மைனி சொல்லட்டும்" என்றாள். வீட்டுப் பெரிய மனுஷிக்கு மரியாதை கொடுக்கிறாள். நல்ல வளர்ப்பு.

ஜூன் 15, ஞாயிறு

பேப்பரில் விரல் சுருங்கும் பதில் வந்திருக்கிறது. ஆஸ்பத்திரி கேன்டீனில் ஒரு பையன் அதைப் படித்துவிட்டு டம்ளர் தண்ணீருக்குள் விரலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் அம்மா முதுகில் ஒன்று வைத்தாள்.

துரைக்குத் தாடி வளர்ந்திருக்கிறது. பூங்கனி அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டே, "எப்படி மைனி வளருது?" என்றாள். முடி வேருக்கு ரத்தம் ஓடுகிறது, அதனால் வளர்கிறது என்றேன். "ரத்தத்தை நெஞ்சு தள்ளுது" என்றாள். ஆமாம் என்றேன். "நெஞ்ச ஆரு தள்ளச் சொல்லுதா மைனி?"

இதே கேள்வி என் பையில் கிடக்கிறது, அந்த ஏழாம் வகுப்புப் பெண்ணுடைய கேள்வி. பெனடிக்டும் அதற்குத்தான் காத்திருக்கிறார். வராண்டாவில் உட்கார்ந்து பதில் எழுதிப் பார்த்தேன். இதயத்தின் மேல் வலப்பக்கத்தில் ஒரு சின்ன இடம் இருக்கிறது, மின்சாரத்தை அதுவே உண்டாக்கிக்கொள்கிறது. வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் மட்டும்தான் மூளை. துடிப்பதற்கு இதயம் யாரையும் கேட்பதில்லை. மூளை

இதற்கு மேல் எழுத வரவில்லை. விக்கலைப் பற்றி ஒரு பதிலை எழுதி அனுப்பிவிட்டேன். பெனடிக்ட் போன் செய்து, "அந்த இதயக் கேள்வி என்னாச்சு டீச்சர்?" என்றார். எல்லாக் கேள்விக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டுமா, நான் என்ன என்சைக்ளோபீடியாவா என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். பாவம் அந்த மனுஷர்.

சாயங்காலம் நடந்த அசிங்கத்தையும் எழுதிவிடுகிறேன். பூங்கனியின் அண்ணன் தவசிக்கனி கார் கொண்டுவந்திருந்தார். வினிஷாவுக்கு வாங்கிய பழத்தை எடுக்க டிக்கியைத் திறந்தேன். உள்ளே ஜவுளிக்கடைப் பை. பிரித்துப் பார்த்தால் புதுச் சேலை. கோடிச் சேலை. புருஷன் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து போர்த்துவது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"உசுரோட இருக்கவனுக்குக் கோடி எடுத்துட்டு வந்திருக்கீரே, நீரெல்லாம் மனுசனா வே?"

கார் நிறுத்தும் இடம் முழுக்க எங்களைத்தான் பார்த்தது. தவசிக்கனி கையைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார். பூங்கனி ஓடிவந்து பையை என் கையிலிருந்து வாங்கினாள். அழுவாள், அண்ணனைத் திட்டுவாள் என்று பார்த்தேன். சேலையை மடிப்புக் கலையாமல் மடித்து உள்ளே வைத்துவிட்டு, "வாங்க மைனி, காபி குடிப்போம்" என்றாள். இந்தப் பிள்ளைக்கு இன்னும் எதுவுமே உறைக்கவில்லை. அவளை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. அவள் தாங்க மாட்டாள்.

ஜூன் 16, திங்கள்

காலையிலேயே டாக்டர் நிலோபர் கூப்பிட்டுவிட்டார். பி.பி. இறங்கிக்கொண்டே போகிறது, மருந்தைக் கூட்டக் கூட்டப் பிடிக்கவில்லை, இதயமும் சீக்கிரம் நின்றுவிடும் என்றார். "பூங்கனி வெள்ளிக்கிழமையே என்கிட்ட..." என்று ஆரம்பித்தார். பூங்கனி குறுக்கே, "டாக்டரம்மா, நான் மைனிகிட்டப் பேசிக்கிடுதேன்" என்றாள். எனக்கு அது அப்போது புரியவில்லை.

கேன்டீனுக்குப் பக்கத்தில் தண்ணீர் டேங்க் நிழலில் உட்கார்ந்தோம். அவள் இரண்டு டீ வாங்கிக்கொண்டு வந்தாள். எனக்குச் சீனி குறைவு, ஞாபகமாகச் சொல்லி வாங்கியிருந்தாள்.

"மைனி, ஒரு சந்தேகம்."

"கேளு."

"கிட்னி, ஈரல், கண்ணு இதெல்லாம் எடுக்கணும்னா அறுப்பாவள்லா? அப்ப அவுகளுக்கு வலிக்குமா?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் கண்ணைப் பார்த்தேன். வம்புக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற பிள்ளைகள் கேட்கிற மாதிரியே கேட்டாள். அந்த மாதிரிக் கேள்விக்குத் தெரியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. தெரியும் என்றால் அடித்துச் சொல்லித்தான் பழக்கம். எனக்குத் தெரியும்.

"வலிக்காது."

"எப்படிச் சொல்லுதிய?"

"வலிங்கிறது கையிலயோ வயித்துலயோ இல்ல பூங்கனி. காயம்தான் அங்க. அங்கேருந்து சேதி போகும். அதை வாங்கிக்கிட உள்ள ஒரு ஆள் இருக்கணும். அந்த ஆளுக்குத்தான் வலிக்கும்."

"உள்ள ஆள் இல்லயா?"

டீ டம்ளர் சுட்டது. கீழே வைத்தேன்.

"இல்ல."

"நல்லா சொல்லுங்க மைனி."

"துரை இல்ல. எந்தம்பி செத்துப் போயிட்டாம்ட்டி."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு என் வாயிலிருந்து வந்த சத்தத்தை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. வழியில் போனவர்கள் நின்றார்கள். டீயைக் கால் தட்டிவிட்டது. பூங்கனி என் தலையை இழுத்துத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். ஒருவழியாக என் அழுகை அடங்கின பிறகு பேசினாள்.

"எனக்கு வெள்ளிக்கிழமையே தெரிஞ்சு போச்சு மைனி. மிஷினைக் கழத்திட்டு, தானா மூச்சு விடுதாகளான்னு பாத்தாவள்லா. நான் அவுக நெஞ்சையே பாத்துக்கிட்டு நின்னேன். அசையவே இல்ல. நீங்க செவுத்தப் பாத்துக்கிட்டு நின்னிய."

ஆமாம். சுவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு காலண்டர் தொங்கியது. தேதி கிழிக்காமல் இருந்தது.

"டாக்டரம்மாகிட்ட அன்னைக்கே சரின்னு சொல்லிட்டேன். கையெழுத்துப் போட மட்டும் நேரம் கேட்டேன். அண்ணன்கிட்டயும் நாந்தான் சொன்னேன், அதான் சேலை எடுத்துட்டு வந்திருக்கான். நீங்க ஏசினதுக்கு ஒண்ணும் நெனைக்க மாட்டான்."

"பின்ன ஏம்ட்டி தினமும் எங்கிட்டக் கேட்ட? கை ஏன் சூடா இருக்கு, முடி ஏன் வளருதுன்னு?"

"வேற எப்படிச் சொல்ல உங்ககிட்ட? டாக்டரு சொன்னா அவங்க மேல பாயிறிய. நான் சொன்னா எனக்கு ஒண்ணும் தெரியாதும்பிய. பதில் சொல்லிக்கிட்டே வந்தா எங்கயாவது ஒரு எடத்துல உங்களுக்கே வந்துரும்னு நெனச்சேன்." அவள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள், வினிஷாவுக்குத் துடைக்கிற மாதிரி அழுத்தி. "எனக்கு வினிஷா இருக்கா மைனி. உங்களுக்கு அவுகள விட்டா ஆரு இருக்கா? அதான் மிஷின் ஓடட்டும்னு விட்டேன்."

இத்தனை நாளும் இவளுக்கு நான் காவல் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். நான் ஒரு கிறுக்கச்சி.

டாக்டரிடம் போய்ச் சொன்னோம். பூங்கனி கையெழுத்துப் போட்டாள். காட்டன் சேலைப் பெண் வந்தாள், நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். சோதித்துப் பார்த்துவிட்டு, கிட்னியையும் கண்ணையும் எடுக்கலாம் என்றார்கள். இதயமும் ஈரலும் இப்போது ஆகாது, இரண்டு நாள் முன்னால் என்றால் ஆகியிருக்கும். இதை அவர்கள் குற்றமாகச் சொல்லவில்லை, நான் கேட்டதற்குப் பதிலாகத்தான் சொன்னார்கள். யாரோ இரண்டு பேருக்குப் போயிருக்க வேண்டியது என் வீம்பால் போயிற்று. அவர்கள் எந்த ஊரோ, வீட்டில் யார் யார் காத்திருந்தார்களோ. இதற்கு நான் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

பூங்கனியிடம் சொன்னேன். "அதயெல்லாம் இப்ப எடுத்து வச்சுக்கிட்டு அழாதிய" என்றாள். அவளும் அப்போதுதான் அழுதாள்.

ஜூன் 17, செவ்வாய்

ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோகும் முன்னால் எங்களை உள்ளே விட்டார்கள். பூங்கனி அவன் தாடியைச் சரி செய்து, நெற்றியில் திருநீறு பூசினாள். வினிஷா அப்பாவின் காலை மட்டும் தொட்டாள். முகத்துக்குக் கிட்டே வர மாட்டேன் என்றாள், யாரும் வற்புறுத்தவில்லை.

நான் அவன் நெஞ்சில் கையை வைத்தேன். துடித்தது. சின்ன வயசில் இடி இடித்தால் என் பாயில் வந்து ஒட்டிக்கொண்டு படுப்பான். அப்போதும் இப்படித்தான் துடிக்கும். எதனால் துடிக்கிறது என்று தெரிந்த பிறகும் கையை எடுக்க முடியவில்லை. தள்ளுவண்டிப் பையன்கள் பொறுமையாக நின்றார்கள்.

"துரை, அன்னைக்குத் தலை வலிக்குன்ன. அக்கா கேலி பண்ணிட்டேன்ல" என்றேன்.

கேட்க அங்கே ஆள் இல்லை என்று தெரியும். இருந்தாலும் சொன்னேன்.

"போதும் மைனி, விடுங்க" என்றாள் பூங்கனி.

விட்டேன்.

ஜூன் 19, வியாழன்

நேற்றுக் கோவில்பட்டியில் தகனம் முடிந்தது. கூட்டம் அதிகம். மோட்டார் கடைக்காரர்கள் எல்லாரும் கடை அடைத்துவிட்டு வந்திருந்தார்கள். தவசிக்கனி கோடி போட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இன்று காலையில் காடாத்து, சுடுகாட்டில் பால் ஊற்றிச் சாம்பல் எடுத்துவந்தார்கள். பெனடிக்ட் எப்படியோ கேள்விப்பட்டு வந்திருந்தார். பத்தியைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கலாமா டீச்சர் என்றார். நிறுத்த வேண்டாம், அந்த இதயக் கேள்விக்குப் பதில் நாளைக்கு அனுப்புகிறேன் என்றேன். அந்தப் பிள்ளை பாவம், எத்தனை வாரம் காத்திருக்கும்?

எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு செல்லையா சித்தப்பா பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு வந்து கூடத்தில் உட்கார்ந்தார். பதினாறாம் நாளுக்குத் தேதி குறிக்க வேண்டும். சொந்தக்காரர்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். அங்கேதான் தகராறு வந்தது.

"ஆஸ்பத்திரிச் சீட்டுல வெள்ளிக்கெழமைன்னு போட்டிருக்கான். அது எப்படிச் சரியாவும்? செவ்வாக்கெழமை வரைக்கும் நெஞ்சு துடிச்சுதுல்லா" என்றார் ஒரு மாமா.

"கையி அசைஞ்சுதுன்னு சக்தியே சொன்னாளே, சனிக்கெழம" என்றாள் ஒரு பெரியம்மை.

"திதி மாறிப் போனா வருசா வருசம் தப்பால்லா போகும்" என்றார் இன்னொருவர்.

ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். செவ்வாய்தான் சரி என்று பெரும்பாலும் முடிவாகிவிட்ட மாதிரி இருந்தது. பூங்கனி மூலையில் கோடிச் சேலையோடு உட்கார்ந்திருந்தாள். அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. வினிஷா அவள் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள்.

சித்தப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "ஏட்டி சக்தி, நீதான் சொல்லணும். எங்கண்ணன் மவன் எந்த நாள்ல போனான்?"

"வெள்ளிக்கெழமை சாயங்காலம் சித்தப்பா" என்றேன். "நான் பக்கத்துலதான் நின்னேன்."